பாடுபவர் கொல்லங்குடி கருப்பாயி

2025 ஜூன் மாதம் கொல்லங்குடி கருப்பாயி தமது 99ஆம் வயதில் இறந்தார். அன்று வந்த செய்திகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் தொடங்கின: ‘ஆண்பாவம்’ படத்தில் பாட்டியாக நடித்தவர் காலமானார் என்று. அவர் நாட்டுப்புறப் பாடகி என்பதும் வானொலியில் பாடியவர் என்பதும் சில வரிகள் தள்ளித்தான் வந்தன. அந்த வரிசை எனக்கு உறுத்தியது. கொல்லிமலையில், செம்மேட்டுப் பக்கம் வளர்ந்த எனக்கு அவர் முதலில் ஒரு குரல். முகம் பிறகு வந்தது. குரலுக்கும் முன்னால் வந்தது ஒரு பெயர்.

மலையில் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது திருச்சி வானொலி. டிரான்சிஸ்டரில் பேட்டரி தீர்ந்துவிட்டால் புதிது வாங்க உடனே காசு இருக்காது. பழைய கட்டைகளை வெயிலில் காயவைத்து மறுபடி போட்டால் இன்னும் இரண்டு நாள் பாடும். உழவர் நிகழ்ச்சிக்குத்தான் வீட்டில் அனுமதி. தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்ததாகச் சொல்வார்கள்; அந்த அளவுக்கு வானொலி சொல்லி விவசாயிகள் விதைத்த காலம் அது. எங்கள் காட்டில் விளைந்தது சாமையும் கேழ்வரகும். உரத்தைப் பற்றியும் பூச்சிமருந்தைப் பற்றியும் அதிகாரிகள் பேசுவதை ஆண்கள் கேட்டார்கள். பெண்கள் காத்திருந்தது, பேச்சு முடிந்து வரும் பாட்டுக்கு.

பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் சொல்வார்: நாட்டுப்புறப் பாடல்கள், பாடுபவர் கொல்லங்குடி கருப்பாயி.

கொல்லங்குடி சிவகங்கைச் சீமையில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் அதையெல்லாம் விசாரிக்கவில்லை. “கொல்லங்குடின்னா நம்ம கொல்லிதான்” என்று என் அம்மாயி தீர்ப்புச் சொல்லிவிட்டார். கொல்லிப்பாவை இருக்கிற மலை, எட்டுக்கை அம்மன் இருக்கிற மலை. இங்கே ஒரு பாட்டுக்காரி இருந்தால் என்ன அதிசயம்? வெகுநாள் வரை அவர் எங்கள் மலைக்காரியாகவே இருந்தார்.

அந்த அறிவிப்பில் என்ன இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். ஓர் ஊர், ஒரு பெண், நடுவில் வேறு யாரும் இல்லை. இன்னார் மனைவி, இன்னார் மகள் என்ற ஒட்டு இல்லை. எங்கள் தெருவில் கல்யாணமான எந்தப் பெண்ணையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரியவன் ஆத்தா, மேட்டு வீட்டுக்காரி, டீக்கடைக்காரர் பொண்டாட்டி, இப்படித்தான். என் அம்மாயியின் பெயர் என்ன என்பதையே ரேஷன் அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் தப்பாக எழுதப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட தெருவில், நாள் தவறாமல் இல்லாவிட்டாலும் அடிக்கடி, ஒரு பெட்டி ‘கருப்பாயி’ என்று சொல்லும். பள்ளிக்கூடத்தில் இருந்தால் வகுப்பே சிரித்துக் கேலி செய்திருக்கக்கூடிய பெயர். அதை ஒரு படித்த குரல் மரியாதையோடு உச்சரிக்கும். பிறகு அவர் பாடுவார்.

பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காலத்துச் சினிமாவில் பெண் குரல் என்றால் மெலிந்து, குழைந்து, உயரத்தில் நிற்கிற குரல். பெண் பிள்ளைகளை ‘மெல்லப் பேசு’ என்று அதட்டி வளர்த்த சமூகம் அந்தக் குரலைத்தான் இனிமை என்றது. கருப்பாயியின் குரல் அப்படியல்ல. தொண்டையைத் திறந்து பாடுகிற குரல். வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவளுக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய குரல். நடவிலும் களையெடுப்பிலும் பெண்கள் வரிசையாக நகர்வார்கள். ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் தொடர்வார்கள். காற்றையும் தண்ணீரையும் மீறி, வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்டாக வேண்டும். அந்த வேலைக்கு உருவான தொண்டையைத்தான் சங்கீதக் காதுகள் ‘கரடுமுரடு’ என்றன. எங்களுக்கு அது வீட்டுக் குரலாக இருந்தது.

தமிழில் நாட்டுப்பாடல்களைத் தொகுத்த வரலாறு நீளமானது, மதிப்புக்குரியதும்கூட. பெர்சி மக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சேர்த்துவைத்த பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்தார், ‘மலையருவி’ என்ற பெயரில் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் 1958இல் வெளியிட்டது. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964இல் வந்தது. உழைக்கும் மக்களின் வரலாறாக இந்தப் பாடல்களைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் வானமாமலை. அந்தக் கடனை மறக்க முடியாது. ஆனால் அந்த நூலைப் புரட்டினால் பாட்டுகளின் அடியில் பெரும்பாலும் இரண்டு குறிப்புகள்தான் இருக்கும்: சேகரித்தவர், இடம். சேகரித்தவருக்குப் பெயர் உண்டு. ஊருக்கும் பெயர் உண்டு. பாடியவருக்குப் பெயர் இருப்பது அரிது. தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் பெண்கள் கட்டியவை என்று முன்னுரைகள் ஒத்துக்கொள்ளும். எந்தப் பெண் என்ற கேள்விக்குத்தான் பதில் இருக்காது. ‘மக்கள்’ பாடினார்கள், ஒருவர் எழுதிக்கொண்டார்.

இதில் சதி எதுவும் இல்லை. நாட்டுப்பாடல் என்றாலே ஆசிரியர் இல்லாதது என்பது பாடப்புத்தக இலக்கணம். அந்த இலக்கணம் யாருக்கு வசதியாக இருந்தது என்பதுதான் என் கேள்வி. ஆண்கள் எழுதியவை கவிதைகளாகவும் பெண்கள் கட்டியவை வழக்காறுகளாகவும் பிரிந்துபோயின. ஒரு தாய் தன் குழந்தையின் மாமன் பெயரை, கொண்டுவராத சீரை, போகாத ஊரைச் சேர்த்துப் பாடும்போது அந்தத் தாலாட்டு அவள் கட்டியதுதான். மெட்டு பழையதாக இருக்கலாம். வெண்பாவும்தான் பழையது, வெண்பா எழுதியவரை நாம் பெயர் தெரியாதவராக ஆக்கிவிடவில்லையே?

பாட்டோடு வேலையையும் சேர்த்தே பேச வேண்டும். எங்கள் மலையில் சாமையைக் குத்தி அரிசியாக்குவது பெண்கள் வேலை. அது சோளம் இடிப்பது போல எளிதல்ல. உமி ஒட்டிக்கொண்டே இருக்கும். குத்து, புடை, மறுபடி குத்து. ஒரு வேளைச் சோற்றுக்குத் தோள் விட்டுப்போகும். உலக்கை மாற்றி மாற்றிப் போடும்போது பாட்டு தானாக வரும். வள்ளைப் பாட்டு என்று பழைய இலக்கியம் பெயர் வைத்திருக்கிறது. பின்னால் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காப்பாற்றும் வேலையில் இறங்கியபோது, அரைக்கும் எந்திரங்களும் கிராமங்களுக்கு வந்தன. உலக்கை மூலைக்குப் போனது. பாட்டும் போனது. இதற்காகக் கண்ணீர் விடுபவர்களை நான் கருத்தரங்குகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். என் அம்மா கண்ணீர் விடவில்லை. “பாட்டு வேணும்னா நீங்க வந்து குத்துங்க” என்றார்.

கருப்பாயி செய்தது இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. கூலிக்கு நட்டபோதும் வீட்டுக்குக் குத்தியபோதும் பெண்கள் இலவசமாகப் பாடிய பாட்டை, அவரும் அவரைப் போன்ற சிலரும் ஒலிவாங்கிக்கு முன்னால் கொண்டுபோனார்கள். பாட்டு அங்கே தொழிலானது. குரல் தேர்வு, ஒப்பந்தக் கடிதம், கையெழுத்தோ கைநாட்டோ, பிறகு சன்மானம். தொகை பெரிதல்ல. ஆனால் பாடியதற்குக் காசும் பெயரும் ஒன்றாகக் கிடைத்த முதல் இடம் கிராமத்துப் பெண்களுக்கு வானொலிதான் என்று நினைக்கிறேன். ஆண்களுக்குக் கூத்து மேடை இருந்தது, கோயில் இருந்தது, வில்லுப்பாட்டு இருந்தது. வயலை விட்டால் பெண்ணுக்கு மேடை வேறில்லை. வயலுக்கு யார் சீட்டு வாங்கி வருவார்கள்?

வானொலி எதையும் அப்படியே எடுத்துக்கொண்டதென்றும் சொல்ல மாட்டேன். அதற்கென்று விதிகள் உண்டு: ஆபாசம் கூடாது, தனிமனிதரைத் தாக்கக் கூடாது. நியாயமான விதிகள்தான். ஆனால் களையெடுக்கும்போது பெண்கள் பாடுவதில் பாதி அந்த இரண்டுக்குள்தான் வரும். மேஸ்திரியை வைவது, மாமியாரைப் பழிப்பது, புருஷனின் ஆண்மையைக் கிண்டல் செய்வது, சாதிக்காரன் பார்வையைச் சொல்வது. இவற்றை வடிகட்டிய பிறகு மிஞ்சுகிற கிராமம் கொஞ்சம் அழகாகிவிடும். ஒப்பாரியோ மங்கலக் குறைவு என்று பெரும்பாலும் ஓரத்திலேயே நின்றது. பிறந்த வீட்டில் பங்கு கிடைக்காதது, அண்ணன்மார் கைவிட்டது, விதவையின் எதிர்காலம் என எல்லாக் கணக்கையும் ஒருத்தி சபையறிய வாசிக்கக்கூடிய ஒரே பாட்டு அது. பெண்களின் சொத்துரிமை வரலாற்றை எழுத நினைக்கும் மாணவிகள் சட்டப்புத்தகத்துக்கு முன்னால் ஒப்பாரியைக் கேட்க வேண்டும்.

ஒரு சின்ன விலகல். கருப்பாயியின் ஊரான கொல்லங்குடிக்கு இன்னொரு பெருமை, வெட்டுடையார் காளியம்மன் கோயில். 1772இல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு வேலுநாச்சியார் தப்பிப்போனார். அவர் போன வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்த உடையாள் என்ற பெண் வெட்டுப்பட்டாள் என்றும், அவளை நாச்சியார் தெய்வமாக வணங்கினார் என்றும் அந்தப் பக்கத்து மக்கள் சொல்கிறார்கள். ராணியின் கதை நாடகமாக, நூலாக, தபால்தலையாக வந்துவிட்டது. உடையாளின் கதை இவ்வளவு காலம் பிழைத்தது மக்கள் வாயில். பாடும் பெண்களின் வாய் அதில் பெரும்பங்கு.

1985 டிசம்பரில் ‘ஆண்பாவம்’ வந்தது. பாண்டியராஜன் இயக்கி, பாண்டியனோடு அண்ணன் தம்பியாக நடித்த படம். அவர்களுக்குப் பாட்டி கருப்பாயி. மலையிலிருந்து சினிமாவுக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினோம். திரையில் அந்த அம்மாள் வாயைத் திறந்ததும் கூட வந்த பெண்கள் சத்தம் போட்டார்கள். முகத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை. குரலை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

செய்திகள் சொன்ன வயதை வைத்துக் கணக்குப் போட்டால் அப்போது அவருக்கு ஏறக்குறைய 59. அரசு ஊழியர்கள் ஓய்வு பெறுகிற வயது. கதாநாயகிக்கு முப்பதிலேயே அக்கா வேடம் கொடுத்துவிடுகிற ஒரு தொழிலில், அறுபதை நெருங்கும் ஒரு கிராமத்துப் பெண் புதுமுகமாக வந்து ஜெயித்தது பெரிய விஷயம். தன் பெயரையும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்து வந்த படங்களில் ஒன்றின் பெயர் ‘ஆயுசு நூறு’. ஏறக்குறைய அந்தக் கணக்கை முடித்துவிட்டுத்தான் போனார். 1993இல் கலைமாமணி விருது கிடைத்தது. இவ்வளவும் நல்லதுதான். ஆனால் சினிமா அவரை உள்ளே விட்டது பாட்டி என்ற ஒரு கதவு வழியாக மட்டும். பாடகி கதாபாத்திரமானார். வானொலி ஊரறியச் செய்த பெயரைச் சினிமா ஓர் உறவுமுறைக்குள் சுருட்டியது. ‘ஆண்பாவம் பாட்டி’ என்பது அன்பாகச் சொல்கிற சொல்தான். அன்பாகவே பெயர்கள் அழிவதை நாம் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம்.

சட்டத்தையும் பார்க்கலாம். நம்முடைய காப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. பாட்டு எழுதியவர், இசையமைத்தவர், ஒலிப்பதிவு செய்த நிறுவனம் ஆகியோருக்கு அதில் இடம் இருந்தது. பாடியவருக்கு இல்லை. நிகழ்த்துபவருக்கும் உரிமை உண்டு என்று 1994 திருத்தம்தான் சொன்னது. வணிகப் பயன்பாட்டில் அவருக்கு ராயல்டி பங்கு என்பது 2012 திருத்தத்தில் வந்தது. கருப்பாயி வானொலியிலும் ‘ஆண்பாவம்’ படத்திலும் பாடிய காலத்தில் பாடும் தொண்டைக்குச் சட்டத்தில் உரிமையே கிடையாது. பெரிய பின்னணிப் பாடகிகளுக்கும் இதே நிலைதான். ஆனால் அவர்களிடம் பேரம் பேசும் பலம் இருந்தது. நாட்டுப்புறப் பாடகிக்கு இரட்டை இழப்பு: பாடியவர் என்ற உரிமை சட்டத்தில் இல்லை, கட்டியவர் என்ற உரிமை ‘மரபுப் பாடல்’ என்ற ஒரு சொல்லில் போய்விடும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண், பதின்வயதை எட்டும் முன்பே சரக்கு ரயிலைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். பல ஆண்டுகள் கிதாரைத் தொடாமல் வீட்டு வேலை செய்து பிழைத்தார். அவர் வேலை பார்த்த ஒரு வீடு, நாட்டுப்பாடல் ஆய்வில் பேர்போன சீகர் குடும்பத்தின் வீடு. சுவரில் தொங்கிய கிதாரை எடுத்து அவர் வாசித்தபோதுதான் அவர்களுக்கே தெரிந்தது. அந்த வீட்டுப் பெண்ணிடமிருந்து பாட்டு இங்கிலாந்துக்குப் போய் 1950களில் பிரபலமானது. அங்கே வேறு இருவர் பெயரில் பதிவானது. போராடித்தான் அவர் பெயர் அதில் திரும்ப வந்தது. அறுபதுக்கு மேல் மேடையேறினார். தொண்ணூறைக் கடந்த பிறகு கிராமி விருது வாங்கினார். நாட்டுப்பாடலை நேசித்த குடும்பத்தின் வீட்டிலேயே நாட்டுப்பாடகி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார் என்பதை என் மாணவிகளுக்குச் சொல்லும்போது வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். பிறகு யாராவது ஒருத்தி, “எங்க ஊர்லயும் அப்படித்தான் மிஸ்” என்பாள்.

ஒரு நாட்டுப்புறப் பாடகி முதுமையில் ‘மறுபடி கண்டெடுக்கப்படுவது’ நம்மிடம் எப்போதும் ஒரே மாதிரி நடக்கிறது. வறுமையில் வாடும் கலைஞர் என்று ஒரு செய்தி வரும். நடிகர்களோ சங்கமோ அரசோ உதவி அறிவிக்கும். கருப்பாயிக்கும் திரையுலகத்திலிருந்து உதவி போனது. 2003இல் ‘தூள்’ படத்தின் மூலம் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பரவை முனியம்மா நோயில் விழுந்தபோது 2015இல் அரசு வைப்புநிதி வழங்கியது. 2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய சில நாட்களில், அவர் இறந்தார். உதவியவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். மருந்துக்குக் காசு வேண்டும். ஆனால் உழைத்துச் சேர்த்த கலைக்கு வர வேண்டியது ராயல்டியாக வராமல் கருணையாக வரும்போது, கும்பிட வேண்டியவர் பாடகி ஆகிவிடுகிறார். புகைப்படத்தில் எப்போதும் அவர்தான் கைகூப்பி நிற்கிறார்.

வேறு பாதையும் இருந்தது. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் பாடினார், தொகுத்தார், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார், 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். பாடுபவரும் எழுதிக்கொள்பவரும் ஒரே பெண்ணாக இருந்தால் பெயர் தொலைவதில்லை. அந்தப் பேனா எத்தனை பேர் கைக்கு எட்டியது என்பது வேறு கணக்கு.

அந்த ஜூன் மாதத்தில் கருப்பாயியின் குரலைத் தேடினேன். கைப்பேசியில் உடனே கிடைத்தவை படக் காட்சிகள். சிரிப்புக்காக வெட்டிப் போட்ட துண்டுகள். என் அம்மாவுக்குக் காது மந்தம். கைப்பேசியை அவர் காதோடு வைத்தேன். முதலில் சினிமாப் பேச்சு, முகத்தில் ஒன்றுமில்லை. பாட்டு தொடங்கியதும், “இது நம்ம ரேடியோக்காரி இல்ல?” என்றார். நடிகை என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

நான் இப்போது மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் கொல்லிமலைப் பெண்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: வீட்டிலும் பக்கத்திலும் உள்ள பாட்டிமார் பாடுவதைக் கைப்பேசியில் பதிந்து நோட்டில் எழுதுவது. முதல் கட்டத்தில் பாடியவர் பெயர், அடுத்து ஊர், அடுத்து அவர் யாரிடம் கற்றார், எந்த வரி அவரே கட்டியது. சேகரித்தவர் பெயர் கடைசிக் கட்டம். பதிவை வெளியே போடலாமா என்று பாடியவரைக் கேட்டு, அவர் சொன்ன பதிலையும் எழுத வேண்டும். இது சிறிய வேலை போலத் தெரியும். ‘எந்த வரி நீங்கள் கட்டியது’ என்று அந்தப் பெண்களை அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டதும் பலர் வெட்கப்பட்டார்கள். சிலர், எல்லாம் பழசுதான் என்று மறுத்துவிட்டு, சற்று நேரம் கழித்து இரண்டு வரியைச் சுட்டிக்காட்டினார்கள்.

செம்மேட்டுக்கு அருகில் எண்பதை நெருங்கும் ஒருவரிடம் இரண்டு மாணவிகள் போனார்கள். பெயரைக் கேட்டதற்கு அவர் மகன் பெயரைச் சொன்னார். மறுபடி கேட்டதற்குச் செத்துப்போன கணவரின் பெயரை நேராகச் சொல்லாமல் சுற்றிவளைத்துச் சொன்னார். மூன்றாம் முறை தன் பெயரைச் சொன்னார். எழுதிய பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்து, “ஊர்ப் பேரை முன்னால போடு கண்ணு, ரேடியோவுல அப்படித்தான் சொல்லுவாங்க” என்றார். போட்டார்கள். தாலாட்டு ஒன்று பாடினார். ஒப்பாரி கேட்டதற்கு மட்டும் தலையை ஆட்டினார். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்குள் அதைப் பாடக் கூடாதாம். வியாழக்கிழமை மருமகள் சந்தைக்குப் போய்விடுவாள், காட்டுக்கு வாருங்கள், அங்கே சத்தமாகவே பாடலாம் என்று சொல்லி அனுப்பினார்.